வாங்க ஆள் உண்டு, ஏற ஆள் இல்லை

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அப்படிப் போனால் கண்ணில் படுவது டோல்கேட்டும் பிரியாணிக் கடையும்தான். இந்தப் பங்குனியில் நானும் நண்பனும் அவனுடைய பழைய ஆல்ட்டோவில் கோவில்பட்டியோடு அந்தச் சாலையை விட்டு இறங்கினோம். எட்டயபுரம், விளாத்திகுளம், தூத்துக்குடி, உடன்குடி என்று கடலோரமாகச் சுற்றிக்கொண்டு, பத்தமடை வழியாகத் தாமிரபரணிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பங்குனி என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. உப்பு வாருவது, பதநீர் இறக்குவது, மிளகாய் வத்தல் காய்வது எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கிற மாதம் அது. "இந்த வெயில்ல அந்தப் பக்கமா?" என்று வீட்டில் கேட்டார்கள். வெயில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இந்த மாதிரித் தொழில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் "நாம் வாங்கினால்தான் இவை பிழைக்கும்" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. நாங்கள் போன வழியில் ஒருவரும் சரக்கு விற்கவில்லை என்று புலம்பவில்லை. எல்லோர் வீட்டுக் கைப்பேசியிலும் ஆர்டர் வந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் சொன்ன குறை வேறு.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய சரக்கு என்கிற அங்கீகாரம் கிடைத்தது. 1940-களில் பொன்னம்பல நாடார் தொடங்கிவைத்த பண்டம் என்பார்கள். அந்தக் காலத்தில் கருப்பட்டிப் பாகில்தான் போட்டார்களாம், வெல்லம் பிறகு வந்தது. கரிசலில் விளைந்த கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், மேலே ரோஸ், பச்சை, மஞ்சள் நிறத்தில் தூவிய தேங்காய்ப்பூ. இவ்வளவுதான் சங்கதி. நாங்கள் போன பட்டறையில் கடலை வறுக்க, தோல் புடைக்க, துண்டு போட, பொட்டலம் கட்ட என்று பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பாகுக்கு மட்டும் ஒரே ஒருவர். கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, விரலால் உருட்டி, கிண்ணத்தின் விளிம்பில் தட்டிப் பார்க்கிறார். 'டிங்' என்று கேட்டால் கொப்பரையை இறக்கலாம். 'மொத்' என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரு நிமிடம் தவறினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், இல்லாவிட்டால் கசக்கும்.

"அவருக்குக் காய்ச்சல்னா பட்டறைக்கும் காய்ச்சல்தான் அண்ணாச்சி" என்றார் முதலாளி. "பார்சல் போட ஆள் கிடைக்கு. அடுப்புக்கிட்ட நிக்கதுக்குத்தான் ஒருத்தனும் வர மாட்டேங்கான்."

தீப்பெட்டி ஆலைகளை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது, உள்ளே விடவில்லை. நெருப்போடு விளையாடும் தொழில், விடாததும் சரிதான். இந்தக் கரிசல் வட்டாரத்துக்கு அந்தத் தொழில் வந்தது 1923-இல். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். 2007-இலிருந்து ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. பதினான்கு வருடம் விலை ஏறாத வேறு ஏதாவது பொருள் உண்டா என்று நண்பனும் நானும் எட்டயபுரம் வரை யோசித்தோம். ஒன்றும் தேறவில்லை.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியையும் எட்டிப் பார்த்துவிட்டு விளாத்திகுளம் சாலையைப் பிடித்தோம். அங்கிருந்து இரண்டு பக்கமும் கரிசல்தான். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி மிளகாய், உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் என்று விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூமி. நாங்கள் போனபோது மிளகாய் முக்கால்வாசி எடுப்பு முடிந்திருந்தது. களம் உள்ளவர்கள் களத்தில், இல்லாதவர்கள் சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். காரின் கண்ணாடியை இறக்கிய உடனே இருவருக்கும் தும்மல். அந்த நெடியிலேயே பெண்கள் குந்தி உட்கார்ந்து சோடை வத்தலைத் தனியாகப் பொறுக்கிப் போடுகிறார்கள். சோடை என்றால் வெளுத்துப்போன வத்தல். அதற்கு விலை பாதிகூடத் தேறாது.

பழம் எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று விவசாயி ஒருவர் குறைபட்டார். "எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயி மரத்தடியில உக்காந்துட்டு வாராக" என்றார். இதைத் தமிழ்நாட்டில் எந்த ஊர் டீக்கடையிலும் கேட்கலாம். வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்: "அங்க வெயில்ல மண்ணு சொமந்துட்டுதான் வாரோம். இவுக கூலிய முந்நூறா நானூறா ஆக்கட்டும், நாங்க ஏன் அங்க போறோம்?" விவசாயி சிரித்து மழுப்பினார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வத்தல் விலை ஒரு வருடம் ஏறினால் மறு வருடம் விழுகிறது, கூலி விழாது. ஆனாலும் என் ஓட்டு அந்த அக்காவுக்குத்தான்.

குளத்தூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் வேப்பலோடை, தருவைகுளம் என்று உப்பளங்கள் தொடங்கிவிடும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகமாக உப்பு விளைவது தூத்துக்குடிப் பக்கம்தான். தூரத்திலிருந்து பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும். கிட்டே போனால் கண்ணைத் திறக்க முடியாது. மேலே ஒரு சூரியன், பாத்தியில் ஒரு சூரியன்.

உப்பு தானாக விளைகிறது என்றுதான் நண்பன் நினைத்திருந்தான். கண்காணி ஒருவர் அவனை ஒவ்வொரு பாத்தியாக நடக்க வைத்தார். கடல் தண்ணீரோ, போர்வெல்லில் இறைக்கும் உவர்த் தண்ணீரோ, முதலில் பெரிய தேக்கத்தில் நிற்கும். அங்கிருந்து பாத்தி பாத்தியாக இறங்கி வரும். ஒவ்வொரு இடத்திலும் வெயில் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று 'டிகிரி' பார்க்கிறார்கள். கடலில் மூன்று, மூன்றரை டிகிரியாக இருக்கும் தண்ணீர் 24, 25-ஐத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முந்தைய பாத்திகளிலேயே ஜிப்சம் படிந்துவிடும். 30 டிகிரிப் பக்கம் போனால் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டாக வேண்டும். மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும். கடலுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவே இத்தனை வாசற்படி.

வருடத் தொடக்கத்தில் பாத்தி மிதிப்பது என்று ஒரு வேலை. மழைக்குப் பிறகு சேறாகக் கிடக்கும் பாத்தித் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். தரை கல் மாதிரி ஆனால்தான் வாரும்போது மண் கலக்காது. அதன் பிறகுதான் தண்ணீர் கட்டுவது, உப்பு வாருவது எல்லாம். வாருவதற்கு விடிவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். நாங்கள் ஏழரை மணிக்குப் போனோம், பெண்கள் அன்றைய பாடில் பாதியை முடித்திருந்தார்கள். நீண்ட கம்பில் மாட்டிய பலகையால் உப்பை வரப்பு ஓரத்துக்கு இழுக்கும்போது சரளைக் கல்லைத் தள்ளுவது போல ஒரு கரகரப்பு. ஒரு அக்காவின் காலைப் பார்த்தேன். குதிகால் வெடிப்புக்குள் உப்பு போய் உட்கார்ந்திருந்தது. "எரியாதாக்கா?" என்றேன். "மொத வருசம் எரிஞ்சுச்சு" என்றார்.

ஐப்பசியில் மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். மூன்று மாதம் கூலி கிடையாது. அதற்காக இப்போது அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்கிறது. விளாத்திகுளத்தில் எந்த மழைக்குக் கும்பிடு போடுகிறார்களோ அதே மழைதான், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இங்கே வந்தால் வேலையைப் பறிக்கிறது. 2023 டிசம்பர் மழை யாருக்குமே ஆகவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது, பாத்தி வரப்பெல்லாம் உடைந்தது. அந்த வருடம் மிதித்து இறுக்க பாத்தியே இல்லை, மண்ணள்ளிப் புதிதாகக் கட்டியதாகக் கண்காணி சொன்னார்.

உப்புக்குக் கிராக்கி குறையவில்லை. சாப்பாட்டைவிட ரசாயன ஆலைகளுக்குத்தான் நிறையப் போகிறது. ஆனால் அங்கே இருந்த பெண்களில் நாற்பது வயதுக்குக் கீழே யாரையும் நான் பார்க்கவில்லை. எல்லோர் பிள்ளைகளும் தூத்துக்குடியில் படிக்கிறார்கள், கடையில் நிற்கிறார்கள், கோயம்புத்தூர் போய்விட்டார்கள். "எம் புள்ள இதுக்கு வரக்கூடாதுன்னுதான் நான் வாரேன்" என்று அந்த அக்கா சொன்னபோது பக்கத்தில் நின்ற மற்ற மூவரும் ஆமாம் போட்டார்கள். அளத்தில் ஆள் குறைகிறது என்று வெளியூர்க்காரன் வருத்தப்படுவதில் கொஞ்சம் அநியாயம் இருக்கத்தான் செய்கிறது.

திருச்செந்தூரில் முருகனைப் பார்க்காமல் போகக் கூடாது என்று நண்பன் பிடிவாதம் பிடித்தான். வரிசையைப் பார்த்ததும் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறினான்.

உடன்குடிக்குப் போகிற வழியில் மண் நிறம் மாறுகிறது. கறுப்பு போய், உப்பின் வெள்ளை போய், செக்கச் சிவந்த மணல். தேரி. காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்த மேடுகள். கால் வைத்தால் புதைகிறது. குதிரைமொழித் தேரிப் பக்கம் வெறுங்காலில் இறங்கிய நண்பன் போன வேகத்தில் திரும்பி வந்தான். அந்த மணலிலும் பனை நிற்கிறது, முந்திரி நிற்கிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையில் தண்ணீரும் நிற்கிறது. மழை குறைவு, மண்ணில் ஈரம் தங்காது, அதனால் இந்தப் பனையின் பதநீருக்கு இனிப்பு ஏற்றம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தபோதும் இந்த மண்ணையும் வறட்சியையும் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பனையேறி அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். "வெயிலுக்கு முன்னாடி வந்துருங்க" என்று சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏழெட்டு மரம் இறங்கியிருந்தார். இரண்டு பாதத்தையும் பிணைத்துத் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி. மரத்தைக் கட்டிப்பிடித்து, இரண்டு பாதமும் சேர்த்து உந்தி, தவளை மாதிரி ஏறுகிறார். மேலே போனதும் மட்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவுகிறார். வெங்காயச் சருகு அளவுக்குத்தான். அதிகம் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், குறைத்துச் சீவினால் அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மறுபடியும் கட்டிவிட்டு இறங்குகிறார். அந்தச் சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். கள்ளுக்கு 1987-இலிருந்து தடை. ஆகவே சுண்ணாம்பு தடவாத கலயம் மரத்தில் தொங்கினால் அது வழக்கு. சாராயக் கடையை அரசே நடத்திக்கொண்டு, கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கும் இந்த நியாயத்தை எனக்கு யாரும் இன்னும் விளங்க வைக்கவில்லை.

முப்பது நாற்பது மரம், காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பாளை விட்டதிலிருந்து ஆடி வரைக்கும் ஒரு நாள்கூட விட முடியாது. கல்யாணம், காது குத்து, சாவு எதுவாக இருந்தாலும் மரம் ஏறிவிட்டுத்தான் போக வேண்டும். பாளை சீவாமல் ஒரு நாள் விட்டால் மறுநாள் ஊறாது. "மெசினு வச்சு ஏறலாமே அண்ணாச்சி" என்று நண்பன் கேட்டுவிட்டான். "அத ஒரு மரத்துல கழட்டி அடுத்த மரத்துல மாட்டுததுக்குள்ள நான் மூணு மரம் ஏறி எறங்கிருவேன் தம்பி" என்றார். பிறகு, "எங்கய்யா சொல்லித் தந்தாரு எனக்கு. எம் பயலுக்கு நான் சொல்லித் தரல" என்றார். வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பையன் சென்னையில் வேலை.

கருப்பட்டி காய்ச்சுவது அவர் மனைவி. மரங்களுக்கு நடுவே ஓலை வேய்ந்த குடிசை, விடிலி என்பார்கள். உள்ளே பனை மட்டையும் உடைமுள்ளும் எரியும் அடுப்பு, மேலே அகன்ற சட்டி. வடிகட்டிய பதநீர் கொதித்து நுரை பொங்கும்போது தட்டிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுகிறார். நுரை அடங்கிவிடுகிறது. எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. மூன்று மணி நேரம் புகையில் நின்று துடுப்பால் கிண்டியபடியே எங்களுக்கும் ஆளுக்கொரு பட்டையில் சூடான பாகு ஊற்றிக் கொடுத்தார். பட்டை என்பது பனை ஓலையை மடித்துக் கட்டிய குவளை. கடைசியில் பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டு, தட்டிக் கவிழ்த்தால் அரை உருண்டையாக விழுகிறது.

கடைத்தெருவில் 'உடன்குடி கருப்பட்டி' என்று விற்பதில் எவ்வளவு இந்த மாதிரி விடிலியிலிருந்து வருகிறது என்று கேட்டேன். அண்ணாச்சியின் மனைவி சிரித்தார். சீனியைக் கரைத்துக் காய்ச்சிச் சேர்ப்பது ஊரறிந்த விஷயம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் காரணம் தெரியும். விறகு, ஏற்றக் கூலி, பதநீர், மூன்று மணி நேர ஆள் வேலை எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோ கருப்பட்டி கிலோ சீனியைப் போலப் பல மடங்கு ஆகிறது. ஏற ஆள் குறையக் குறையப் பதநீர் குறைகிறது. கேட்கிறவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. நடுவில் விழும் இடைவெளியைச் சீனி நிரப்புகிறது. நல்ல கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றதற்கு அவர் சொன்ன வழி: மழைக்காலத்தில் கசிய வேண்டும், உடைத்தால் உள்ளே பளபளவென்று மின்னக் கூடாது. அதனால்தான் தன் வீட்டுக் கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிப் புகை படும்படி வைத்திருக்கிறார்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போட்டபோது, கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். நல்ல காரியம், செங்கல் சூளைக்குப் போவது குறையும். அண்ணாச்சியின் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருநூறு பனைக்கு மேல் நிற்கிறது. வெட்டவும் ஆள் வரவில்லை, ஏறவும் ஆள் வரவில்லை. காய்ந்த காவோலையை இறக்காமல் தாடி வளர்த்துக்கொண்டு நிற்கின்றன. உப்பு அம்பாரத்தை மூட முன்பு இந்தப் பக்கத்து ஓலைதான் தூத்துக்குடிக்குப் போகுமாம். இப்போது அங்கே தார்ப்பாய்.

சாத்தான்குளம் வழியாகத் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து அம்பாசமுத்திரம் சாலையில் இருபது கிலோமீட்டர் போனால் பத்தமடை. கண்ணுக்குப் பச்சை தெரிந்ததும் நண்பன் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். ஆற்றுக்கால், வயல், வாழை. இங்கே கோரை.

பத்தமடைப் பட்டுப் பாயில் பட்டு நூல் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கைக்குப் பட்டு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, காயவைத்து, கத்தியால் கிழிக்கிறார்கள். பாய் எவ்வளவு சன்னம் என்பது இந்தக் கிழிப்பில்தான் இருக்கிறது. நாங்கள் பார்த்த வீட்டில் ஒரு பெண் ஒரே கோரையை நகத்தால் பிளந்து கத்தியை நுழைத்து நுனி வரை இழுத்தார். இரண்டானது. அதில் ஒன்றை மறுபடி இரண்டாக்கினார். கடைசியில் கையில் இருந்தது தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன். சாதாரணப் பாய்க்குப் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், 50 என்றால் உயர்ந்த ரகத்துக்கு 100-லிருந்து 140 வரை போகும். தரையில் முளை அடித்துக் கட்டிய தறி, அதன் மேலேயே உட்கார்ந்து, மூங்கில் குச்சியின் முனையில் கோரையைச் செருகி ஒவ்வொன்றாகப் பாவுக்குள் நுழைக்கிறார்கள். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை, பெண் பெயரையும் நெய்து தருவார்கள்.

2013-இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தாகிவிட்டது. அந்த வீட்டில் நெய்வது அம்மாவும் பெரியம்மாவும்தான். மகள் பக்கத்துத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். "பீடின்னா வாரா வாரம் கூலி கையில வந்துரும். இதுல ஒரு பாய் முடிய மாசம் ஆவும், முடிஞ்சாத்தான் துட்டு" என்றார் அம்மா. கடையில் தொங்கும் பாதி பாய் விசைத்தறியில் ஓடியது, அதற்குக் கோரை கரூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. பட்டுப் பாய் வேண்டுமென்றால் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நண்பன் தங்கை கல்யாணத்துக்குக் கேட்டான். "கல்யாணம் என்னைக்கி?" என்றார்கள். வைகாசி என்றதும் தலையை ஆட்டிவிட்டார்கள். "புள்ள பொறக்கதுக்குள்ள தாரோம்" என்று பெரியம்மா சொல்ல, வீடே சிரித்தது.

சேரன்மகாதேவிக்கு அடுத்து காருகுறிச்சி. எனக்கு இந்த ஊர்ப் பெயர் நாதஸ்வரம் அருணாசலத்தோடு சேர்ந்துதான் காதில் விழும். இப்போது மண்பாண்டத்துக்குப் பேர் போனது. தெருவெல்லாம் பானை, சட்டி, அடுப்பு, தண்ணீர்க் குழாய் வைத்த ஜாடி. ஓரளவு இளைஞர்கள் வேலை செய்துகொண்டிருந்ததை இந்தப் பயணத்தில் இங்கேதான் பார்த்தேன். மின்சாரச் சக்கரம் வந்தது ஒரு காரணம். ஊர் ஊராக மண்சட்டிச் சமையல் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தது இன்னொரு காரணம். இங்கே குறை ஆள் அல்ல, மண். குளத்து மண் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். குளத்தில் தண்ணீர் வற்றியிருக்கிற சில மாதங்களுக்குள் வருடத்துக்கு வேண்டியதை அள்ளிக் குவித்துக்கொள்ள வேண்டும். மழை முந்திக்கொண்டால் அந்த வருடக் கணக்கு துண்டு விழும்.

நாங்கள் மீன் சட்டி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கேரளப் பதிவெண் லாரி ஒன்று அரை பாரத்தோடு நின்றிருந்தது. டிரைவர் காலையிலிருந்து காத்திருக்கிறாராம். "சூளை பிரிக்க இன்னும் ரெண்டு நாளு ஆவும்" என்றார் பானை செய்யும் வேளார். மிச்சப் பாரத்துக்கு வேறு எந்த ஊரில் பானை கிடைக்கும் என்று டிரைவர் கேட்டார். வேளார் பக்கத்து ஊர்ப் பெயர்கள் இரண்டு மூன்றைச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக விரலை மடக்கி, "அங்க இப்ப யாரும் செய்யல, அங்க ஒரே ஒரு வீடுதான், அது நேத்தே ஏத்தியாச்சு" என்று கழித்துக்கொண்டே வந்தார். டிரைவர் லாரி நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.